கெத்தின் பெவன் பக்கத்துக் காய்கள்

பிப்ரவரியில் பள்ளம் வெட்டினேன்.
முழங்கால் ஆழம், ஓர் ஆள் நீளம்.
அடியில் பழைய செய்தித்தாள், உருளைக்கிழங்குத் தோல்,
தேயிலைச் சக்கை,
பேருந்து நிறுவனம் எனக்கு அனுப்பிய
மூன்று எச்சரிக்கைக் கடிதங்கள்.
எல்லாம் ஈரம் பிடித்துவைக்கும்.
ரன்னர் பீன்ஸுக்கு வேர் காயக் கூடாது,
அதற்கு மேல் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை.
வேல்ஸில் மழைக்கா பஞ்சம் என்பார்கள்.
நம்பாதீர்கள். ஜூலையில் கைவிட்டுவிடும்.

மே கடைசியில்,
இனி உறைபனி இல்லை என்று வானொலி சொன்ன பிறகு
இன்னும் நாலு நாள் அதை நம்பாமல் இருந்துவிட்டு,
எட்டுக் கழி நட்டு
கழிக்கு இரண்டாக விதை ஊன்றினேன்.
ஊதாவின் மேல் கறுப்பு,
யாரோ மைப்புட்டியைத் தட்டிவிட்ட மாதிரி.
சாதாரண பீன்ஸ் முளைக்கும்போது
பருப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு வரும்.
இது அதை மண்ணிலேயே விட்டுவிட்டு
இலையோடு மட்டும் எட்டிப்பார்க்கிறது.
வீட்டு விஷயம் வெளியே தெரியக் கூடாது
என்கிற குடும்பம்போல.

அவசரத்தில் ஒரு கொடியை
எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டேன்.
விடியற்காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது பார்த்தால்
தன்னை முழுக்க அவிழ்த்துக்கொண்டு
காற்றில் நிற்கிறது.
எனக்குப் பிடித்துப்போயிற்று.

கெத்தின் பெவனும் நானும் பேசி நாலு வருஷம்.
சுவர் இடுப்பு உயரம்தான்.
காரணம் ஒரு பேரிக் கிளை.
அவன் பக்கம் சாய்ந்ததை அறுத்தான்.
அறுத்ததோடு விட்டானா,
கொண்டுவந்து என் வாசற்கதவில் சாத்திவைத்தான்,
பூவோடு.

கொடிக்கு இது எப்படித் தெரியும்?
ஜூன் முடிவதற்குள் நாலு நுனிகள் அந்தப் பக்கம் இறங்கிவிட்டன.

சிவப்புச் சிவப்பாய்ப் பூத்தது. பூத்ததெல்லாம் உதிர்ந்தது.
குண்டுத் தேனீ ஒன்று
பூவின் வாய் வழியே நுழைய சோம்பல்பட்டு
அடியில் துளை போட்டுத் திருடிக்கொண்டிருந்தது.
குளித்த தண்ணீரை வாளி வாளியாய்ச் சுமந்து
தினமும் சாயங்காலம் வேரில் ஊற்றினேன்.
பதினோராம் நாள்
தீக்குச்சி அளவில் ஒரு காய்.

அப்புறம் பறி, பறி, பறி.
ஒருநாள் விட்டால் நார் ஓடிவிடும்.
வேகவைத்து, வெண்ணெய் போட்டு,
அலுத்துப்போய்,
பேருந்தில் என் இருக்கைக்குப் பின்னால் பையில் தொங்கவிட்டேன்.
ஸ்வான்ஸீக்குப் போனவர்கள்
சில்லறையோடு காயும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஆகஸ்டு நடுவில் சட்டென்று நின்றது.
நீர் இருக்கிறது, வெயில் இருக்கிறது, பூ இல்லை.
அப்போதுதான் சுவர்மேல் குனிந்து பார்த்தேன்.
அந்தப் பக்கம், தொடுவாரில்லாமல்,
உள்ளங்கை அகலத்தில் புடைத்த காய்கள், முப்பது இருக்கும்.
விதை முற்றிவிட்டால் கொடி
வந்த வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடும்.

மூன்று சாயங்காலம் வெறும் வாளியோடு நின்றேன்.
நாலாவது நாள்,
"கெத்தின்."
அவன் நிமிரவில்லை.
"உன் பக்கத்துக் காயைப் பறிக்கணும்."
"என் பக்கம் இருந்தால் என் காய்."
"கொடி என்னுது."
"அன்றைக்குக் கிளைக்கும் இதைத்தான் சொன்னே, நெஸ்டா."

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
அவன் உள்ளே போனான்.
திரும்பி வந்தபோது கையில் கத்தரி.
சுவர்க் கல்லை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

கொடியைத் தொடவில்லை.
காயை மட்டும், காம்பு காம்பாக,
தொப்பியைத் திருப்பிப் பிடித்து அதில் போட்டான்.
இரண்டை விட்டுவைத்தான்.
"விதைக்கு."
"இரண்டு கூடாது."
"ஒன்று," என்றான்.

செப்டம்பரில் மறுபடி பூத்தது,
கொஞ்சம்தான்.
அவன் பறித்ததை அவன் தின்றான், நான் பறித்ததை நான்.
பேச்சு அந்த அளவோடு சரி.

அக்டோபர் பனியில் இலையெல்லாம் கறுத்துத் தொங்குகிறது.
இன்னும் எதையும் பிடுங்கவில்லை.
அந்த ஒரு காய் அங்கே காய்ந்துகொண்டிருக்கிறது.
இங்கிருந்து தெரியாது.
காற்றடிக்கும்போது உள்ளே விதை ஆடுவது
கேட்கிறது.